ஈரப் புல்லுக்கு ஒரு ஷூ, ஈரக் கல்லுக்கு ஒரு ஷூ

தூறல் விழுந்ததும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். குனிந்து தன் பாதத்தைப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்க்கும்போது, ஒருவர் மட்டும் ஒரு காலைப் பின்பக்கமாக மடித்துத் தூக்கி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான். "என்ன சார், எதையாவது மிதிச்சுட்டீங்களா?" என்று அனுதாபமாகக் கேட்டுவிடாதீர்கள். அவர் மிதித்ததைப் பார்க்கவில்லை. மிதிக்கப்போவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ரகத்துக்கு ஈரக்கால் நிபுணர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். அலுவலக வாசலில், மருத்துவமனை வராந்தாவில், கழுவிவிட்ட கடைத் தரையில் என்று இவரை எங்கும் பார்க்கலாம். ஆனால் நன்றாக முற்றிய நிலையில் பார்க்க வேண்டுமானால் டிஸ்க் கோல்ஃப் மைதானத்துக்குத்தான் வர வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கையில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தட்டு. தூரத்தில் ஒரு கம்பம், அதில் தொங்கும் சங்கிலிகள், சங்கிலிக்குக் கீழே ஒரு கூடை. சிமென்ட் மேடையில் நாலு எட்டு ஓடிவந்து தட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடியும் வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடையில் போட்டவர் ஜெயித்தவர். பதினெட்டுக் கூடை முடிந்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவுதான். குழந்தைக்குக்கூடப் புரியும். புரியாதது ஒன்றே ஒன்று: மழை பெய்திருந்தால் காலில் என்ன போட்டுக்கொள்வது? இது நிபுணருக்கு மட்டும் புரியும். அதுவும் வாரத்துக்கு ஒரு விதமாகப் புரியும்.

எங்கள் குழுவில் இருக்கும் நிபுணர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். நாள் முழுக்க இருட்டறையில், வந்தவர் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, சில்லைப் போட்டு, எடுத்து, திருப்பிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இரண்டு பொருள் ஒரே மாதிரி இருப்பதை அவர் வாழ்க்கையில் ஒப்புக்கொண்டதே இல்லை. மைதானத்தில் அவருக்கு 'இதுவா அதுவா' என்று பெயர். அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

மழைக்காலம் தொடங்கினால் அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். குளியலறைத் தரையில் சோப்பு நுரை. அதன்மேல் அவர் ஷூ போட்டுக்கொண்டு, மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, ஒரு கையால் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருப்பார். பிடிமானச் சோதனை. முடிந்ததும் கூடத்துக்கு வந்து, ஷூவைக் கழற்றாமலே இரண்டு காலையும் இரண்டு பக்கெட் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து டிவியில் செய்தி பார்ப்பார். கசிவுச் சோதனை. இரண்டிலும் தேறாத ஷூக்கள் வயிற்றில் செய்தித்தாள் திணிக்கப்பட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் வெதுவெதுப்பான இடத்தில் படுத்திருக்கும்.

"ஊர்ல பொண்டாட்டிங்க எல்லாம் புருஷன் எங்க போறான், வரான்னு கவலைப்படுவாங்க. எனக்கு அந்தக் கவலையே இல்ல. பக்கெட்டுல இருக்காரு" என்பார் அவருடைய மனைவி. மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவர். எதையும் ஒரு சொட்டு பார்த்தால் போதும், முழுதும் தெரிந்துவிடும் என்ற முகம் அவருக்கு.

நிபுணருக்கு என்று சில வாசகங்கள் உண்டு. "வாட்டர்ப்ரூஃப்னா தண்ணி உள்ள வராதுன்னு நினைச்சிட்டிருக்கீங்க. அது மேல் பக்கமா வந்துரும். வந்த தண்ணி வெளிய போகாது. அதுக்குப் பேர்தான் வாட்டர்ப்ரூஃப்." கேட்பவர் வாயைப் பிளந்து, வலைத்துணி வைத்த ஷூவாக வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் வருவார். நிபுணர் அவரை மேலும் கீழும் பார்த்து, "வலையா? தண்ணிய நீங்களே வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி ஆச்சே" என்பார். அவரிடம் ஆலோசனை கேட்டு, அதன்படி நடந்து, அவரிடமே திட்டு வாங்காதவர் எங்களில் யாருமில்லை.

யாராவது வழுக்கி விழுந்துவிட்டால் பார்க்க வேண்டும். என்னோடு ஜோடி சேர்ந்து ஆடும் பல் டாக்டர் ஒரு நாள் சேற்றில் மல்லாந்துவிட்டார். முதலில் ஓடிவந்தவர் நிபுணர்தான். தூக்கிவிடத்தான் வருகிறார் என்று டாக்டர் கையை நீட்டினார். வந்தவர் காலைப் பிடித்தார். ஷூவைத் திருப்பி, கட்டைவிரலால் தடவி, "தேய்ஞ்சு போச்சு டாக்டர். நீங்க விழாம இருந்திருந்தாதான் ஆச்சரியம்" என்றார். டாக்டர் தானே எழுந்துகொண்டார்.

ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு விஷயம் உண்மை. ஈரத்தில் பல் பல்லாக அடிப்பாகம் உள்ள முரட்டு ஷூ புல்லையும் சேற்றையும் கவ்விப் பிடிக்கும். அதே ஷூ நனைந்த சிமென்ட் மேடையில் சறுக்கும். மிருதுவான தட்டை ரப்பர் ஷூ நனைந்த சிமென்டில் பசை போட்ட மாதிரி நிற்கும்; அதே ஷூவோடு புல்லில் கால் வைத்தால், கால் வைத்த இடத்தில் கால் இருக்காது. ஆட்டமோ சிமென்டில் தொடங்கிப் புல்லில் நடக்கிறது. என்ன செய்வது?

நானும் நீங்களும் என்ன செய்வோம்? ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் நிதானமாக நடப்போம். நிபுணர் இரண்டு ஜோடி கொண்டுவந்தார். மேடையில் தட்டை ஜோடி. வீசியதும் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, அதில் உட்கார்ந்து, லேஸ் அவிழ்த்து, முரட்டு ஜோடி. அடுத்த மேடை வந்ததும் விரிப்பு, லேஸ், தட்டை ஜோடி. எங்களுக்குப் பின்னால் ஆடவந்தவர்கள் முதலில் இருமினார்கள். பிறகு, "சார், தூங்கப் போறீங்களா, ஆடப் போறீங்களா?" என்று கேட்டார்கள். கடைசியில் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். நல்ல வேளையாகத் தட்டை ஜோடி அந்த மழையிலேயே அடி பிளந்து உயிரை விட்டது.

இங்கேதான் சகலை வருகிறார். அதாவது நிபுணருடைய மனைவியின் தங்கை கணவர். டிரைவிங் பள்ளியில் கற்றுக்கொடுப்பவர், நல்ல மனிதர், தன் கால் பக்கத்தில் ஒரு பிரேக் இருந்தால்தான் நிம்மதியாக மூச்சு விடுவார். ஒருமுறை இரண்டு குடும்பமும் ஒரே காரில் வெளியூர் கிளம்ப, நிபுணர் ஓட்ட, பக்கத்தில் இருந்த சகலை இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். "காலை அடக்கி வைங்க சகலை" என்று இவர் சொல்ல, "நீங்க கண்ணைத் திறந்து வைங்க அண்ணே" என்று அவர் சொல்ல, பாதி வழியில் சகலை இறங்கிப் பேருந்து பிடித்துவிட்டார். அதற்கப்புறம் இருவரும் ஒருவரை ஒருவர் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காளும் தங்கையும் என்ன பாவம் செய்தார்கள்? அவர்களுக்கு ஒரு ஆசை இருந்தது. மாடியும் கீழுமாக ஒரு வீடு வாடகைக்கு வந்திருந்தது. மாடியில் அக்கா, கீழே தங்கை. தங்கை வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவர். ஓர் ஆள் பேச்சுத்துணை இல்லாமல் மெஷினோடு பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்கோ, ஷிஃப்ட் முடிந்து அலுத்துப்போய் வரும்போது கீழே ஒரு விளக்கு எரிந்து, "சாப்ட்டியா அக்கா?" என்று ஒரு குரல் கேட்டால் போதும். வீட்டுக்காரர் ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டார். வேறொருவர் முன்பணத்தோடு காத்திருந்தாராம்.

அந்த ஞாயிறு காலையில்தான் எங்கள் மைதானத்தில் ஜோடிப் போட்டி. முந்தின நாள் தங்கை வீட்டில் அக்கா இரண்டு ஆண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரெண்டு பேரும் ஜோடி சேர்ந்து ஆடுங்க. பதினெட்டுக் கூடையும் சண்டை இல்லாம முடிச்சு ஒண்ணா வாங்க. வந்தா வீடு. ஒரு காலைப்பொழுது ஒண்ணா இருக்க முடியலன்னா, ஒரே வீட்டுல எப்படி இருக்கிறது?"

சகலைக்கும் ஆட்டம் தெரியும். இடது கைக்காரர். சரி என்றார். நிபுணர் சரி என்று சொல்லவில்லை. அவர் சகலை வீட்டு வாசலில் இருந்த ஷூ அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெடல் காலுக்குத் தெரிய வேண்டும் என்று சகலை எப்போதும் மெல்லிய, தட்டையான ரப்பர் ஷூதான் போடுவார். நிபுணர் எழுந்து போய் அதைத் திருப்பிப் பார்த்தார். வளைத்தார். முகர்ந்தார். அளவைப் பார்த்தார். தன் அளவுதான். பிறகு இடது கைக்காரரின் கையைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைக் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை என்று அவர் மனைவி பின்னால் சொன்னார்.

கண்டுபிடிப்பு இதுதான். வலது கைக்காரர் வீசும்போது இடது கால் உந்தும், வலது கால் ஊன்றித் திரும்பும். ஆகவே இடது காலில் முரட்டு ஷூ, வலது காலில் தட்டை ஷூ. மிச்சம் என்ன? ஒரு வலது முரடு, ஒரு இடது தட்டை. இடது கைக்காரருக்குக் கண்ணாடியில் பார்த்ததுபோல எல்லாமே மாறி வரும். அவருக்கு வேண்டியது வலது முரடு, இடது தட்டை. நிபுணரிடம் முரட்டு ஜோடி இருக்கிறது. சகலையிடம் தட்டை ஜோடி இருக்கிறது. ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், விரிப்பு வேண்டாம், லேஸ் அவிழ்க்க வேண்டாம்.

"அண்ணே, இது மூளை" என்றார் சகலை. அந்தக் கார் பயணத்துக்குப் பிறகு நிபுணரிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. சகோதரிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வீசும் கால் பற்றி எல்லாம் யோசித்தாகிவிட்டது. நடக்கும் கால் பற்றி? அதை யார் யோசித்தார்கள்?

ஞாயிறு காலை ஊமை மழை. பல் டாக்டரும் நானும் அவர்களோடு ஒரே குழு. சகோதரிகள் இருவரும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த தகரக் கொட்டகையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்துகொண்டார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முதல் மேடையில் கண்டுபிடிப்பு வேலை செய்தது. இருவரும் ஓடிவந்து ஊன்றி வீசிய வீச்சு அப்படியே கோடு கிழித்த மாதிரி போனது. டாக்டரும் நானும் அதே மேடையில் கோழி மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். "பார்த்தீங்களா டாக்டர்? கையில ஒண்ணுமே இல்ல. எல்லாம் கால்தான்" என்றார் நிபுணர்.

பிறகு நடக்க ஆரம்பித்தார்கள். முரட்டு ஷூ உயரம். தட்டை ஷூ தாழ்வு. ஆளுக்கு ஒரு கால் மாடியில், ஒரு கால் கீழ் வீட்டில். நிபுணர் வலப்பக்கம் சாய்ந்து நடந்தார். சகலை இடப்பக்கம் சாய்ந்து நடந்தார். பின்னாலிருந்து பார்க்கும்போது, இருவரும் ஏதோ ரகசியம் பேச ஒருவரை நோக்கி ஒருவர் சாய்வதுபோலவும், உடனே வேண்டாம் என்று விலகுவதுபோலவும் இருந்தது. ஆனாலும் கூடைக்கு மேல் கூடையாக முன்னணியில் இருந்தார்கள். சகலை தூரத்தில் இருந்த கொட்டகையைப் பார்த்துக் கையை ஆட்டினார். அங்கிருந்து இரண்டு குடைகள் பதிலுக்கு ஆடின.

ஒன்பதாவது கூடை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. புல் சரிவு. சகலை இறங்கினார். வலது கால், முரடு, சரிவின் உச்சியைக் கவ்விக்கொண்டது. இடது கால், தட்டை, கிளம்பியது. வேகமாகப் போயிருந்தால் விழுந்து எழுந்திருப்பார். அது மெதுவாகப் போயிற்று. மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டே போனார்.

"அண்ணே... வலது கால் இங்க இருக்கு. இடது கால் எங்கயோ போயிட்டிருக்கு. பிடிங்க."

நிபுணர் பிடித்தார். எதைப் பிடித்தார் என்று நான் சொல்ல வேண்டுமா? ஷூவைத்தான். திருப்பிப் பார்த்து, "அடியில இருக்கிற கோட்டுல எல்லாம் மண்ணு அடைச்சிருக்கு சகலை. முந்தின மேடையிலயே குச்சி வச்சு நோண்டுங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

அப்படியே விரிந்து உட்கார்ந்திருந்த சகலை மிகவும் அமைதியாகப் பேசினார்.

"அன்னிக்குக் கார்லயும் இதே மாதிரிதான். எதிர்ல லாரி வருது, நீங்க கண்ணாடில இருக்கிற தூசியத் துடைச்சிட்டிருந்தீங்க."

"லாரி தூரத்துல வந்துச்சு. உங்க கண்ணுக்குத்தான் பக்கத்துல தெரிஞ்சுது. கடைக்கு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் ஷூவைக் கழட்டுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

"தாராளமா. என்னோடத நீங்க கழட்டுங்க."

"ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார் டாக்டர். வாயைத் திறக்க வைத்தே பழகியவர். மூட வைக்கத் தெரியவில்லை. இருவரும் பள்ளத்தின் அடியில், மழையில், ஆளுக்கு ஒற்றைக் காலில் நின்று, அடுத்தவர் ஷூவைக் கழற்றி, நீட்டி, வாங்கி, நனைந்த சாக்ஸின்மேல் இழுத்து மாட்டிக்கொண்டார்கள். இப்போது நிபுணர் காலில் முரட்டு ஜோடி. சகலை காலில் தட்டை ஜோடி. காலையிலிருந்து முதன்முறையாக இருவரும் நேராக நின்றார்கள். நேராக நின்று எதிரெதிர்த் திசையில் திரும்பினார்கள். வீடு போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சகலை கோபமாகச் சரிவில் ஏறினார். ஏறிய வேகத்தில் கீழே வந்தார். மறுபடியும் ஏறினார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல், நிமிர்ந்த நெஞ்சோடு, நின்ற நிலையிலேயே வழுக்கிக்கொண்டு வந்து நிபுணர் பக்கத்தில் நின்றார். தட்டை ஷூவுக்குப் புல் ஆகாதே. நிபுணருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கும், மேலே போகும் வழியை அவர் பார்க்காமல் இருந்திருந்தால். சரிவு முடியும் இடத்தில் வாய்க்காலைக் கடக்கச் சிமென்ட் பாலம். பாசி படிந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி கிடையாது. முரட்டு ஷூவுக்குச் சிமென்ட் ஆகாதே. கொட்டகைக்கு வேறு வழியும் இல்லை.

இருவரும் பாலத்தைப் பார்த்தார்கள். சரிவைப் பார்த்தார்கள். வேறு எங்கும் பார்க்க இடமில்லாமல் கடைசியில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கையைக் குடுங்க" என்றார் நிபுணர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

சரிவு முழுக்க நிபுணர் முன்னால் கவ்விக் கவ்வி ஏற, சகலை அவர் கையில் தொங்கிக்கொண்டு போனார். பாலம் வந்ததும் சகலை முன்னால் போக, நிபுணர் அவருடைய தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் பேச்சு நிற்கவில்லை.

"அப்பவே சொன்னேன், அந்த லாரி..."

"பேசாம நடங்க, இங்க பாசி இருக்கு, இடது கால எடுத்து வைங்க. மெதுவா. மெதுவா. கிளட்ச்ச விடாதீங்க."

"எனக்கு நடக்கக் கத்துக் குடுக்கிறீங்களா?"

"விட்டுட்டுப் போயிருவேன் அண்ணே."

"விட்டுத்தான் பாருங்களேன்."

விடவில்லை. நாங்களும் பின்னாலேயே, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். எங்களுடையது இரண்டுக்கும் ஆகாத ஷூ. கொட்டகைக்குள் நுழையும்போதும் நிபுணர் சகலையின் தோளைப் பிடித்தபடி, அவருடைய காதுக்குள் திட்டிக்கொண்டுதான் வந்தார். அக்கா கையிலிருந்த தொலைபேசியை அப்போதுதான் கீழே வைத்தார்.

"பேசிட்டேன். முன்பணத்த நாளைக்குத் தரோம்னு சொல்லியாச்சு. வீடு நமக்குத்தான்."

நிபுணர் தோளிலிருந்து கையை எடுத்தார். "எங்க, முடிக்கலையே. ஒன்பதாவது கூடையோட நிறுத்திட்டோம். சண்டை வேற."

"தெரியும். இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார் அக்கா. தங்கை ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி முதலில் தன் கணவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி நிபுணரிடம் நீட்டினார். நிபுணர் வாங்கிக் குடித்துவிட்டு, "சூடு பத்தாது" என்றார்.

"சண்டை இல்லாம வந்தாத்தான் வீடுன்னு சொன்னியே" என்று மறுபடியும் இழுத்தார். கண் பரிசோதிப்பவர் அல்லவா, ஒரு முறை சொன்னால் எப்படி நம்புவார்?

"சொன்னேன். சண்டை போடாத மனுஷங்க கிடைக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் காத்திருப்பாரா? சண்டை போட்டுக்கிட்டே பாலத்தத் தாண்டத் தெரியுது இல்ல. எனக்கு அது போதும்" என்றார் அக்கா, குடையை மடக்கிக்கொண்டே.

மீதிக் கூடைகளை டாக்டரும் நானும் ஆடி முடித்தோம். யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.

வாசகரே, நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது எங்கேயோ ஓர் இடத்தில், 'அட, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு, முரட்டு ஷூவுக்கு மேல ஒரு ரப்பர் உறைய மாட்டிக்கிட்டா முடிஞ்சுதே' என்றோ, 'மேடையில ஒரு கோணியப் போட்டிருக்கலாமே' என்றோ, 'ஓடிவராம நின்னுகிட்டே வீசியிருக்கலாமே' என்றோ உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியதா, இல்லையா? தோன்றவில்லை என்றால் நீங்கள் தப்பித்தீர்கள். தோன்றியிருந்தால், தயவுசெய்து அதை என்னிடம் சொல்லாதீர்கள். மாடியும் கீழுமான அந்த வீட்டுக்குப் போங்கள். உங்களை இரண்டு பேரும் உட்கார வைத்துக் கேட்பார்கள். கேட்பதற்கு முன்னால் காலைத் தூக்கச் சொல்வார்கள். கூச்சப்படாமல் தூக்குங்கள், எப்படியும் நேற்று மழையில் வாசற்படி ஏறும்போது நீங்களே ஒருமுறை தூக்கிப் பார்த்ததுதானே?